மாத்திரைப் பங்கு

அன்றைக்குத் தெற்குத் தெருவில் எல்லோருக்கும் நாக்கு வறண்டிருந்தது. வெயிலைக் குறை சொல்ல வழியில்லை. ஐப்பசி மழை விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது, வாய்க்காலில் தண்ணீர் கரையைத் தொட்டு ஓடியது. காளியம்மன் கோயில் வாசலில் கோணிச்சாக்கை விரித்து உட்கார்ந்து வாராவாரம் கேட்கிற கேள்விகளையே கேட்டுக்கொண்டிருந்தேன். தூக்கம் வருகிறதா, பசிக்கிறதா, அழுகை வருகிறதா, வாய் வறளுகிறதா. பூவம்மாள் வறளுகிறது என்றாள். அதில் புதுமை இல்லை, அவளுக்கு ஆரம்பத்திலிருந்தே வறளும். அடுத்து வந்த ராசம்மாள், "லேசா வறளுதும்மா" என்றாள். அதற்கடுத்தவளும் லேசாக என்றாள். நாலாவதாக வந்தவள் நான் கேட்கும் முன்பே நாக்கை நீட்டிக் காட்டினாள். ஒருத்திக்கும் ரொம்ப இல்லை, ஒருத்திக்கும் இல்லாமலும் இல்லை. மரக்காலில் தலைதட்டி அளந்த மாதிரி எல்லோருக்கும் ஒரே அளவு வறட்சி. எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடி வைத்தேன்.

வாய் வறண்டதற்குப் பேனாவை ஏன் மூட வேண்டும் என்று கேட்பீர்கள். நான் ஹமீதா பானு. கடற்கரைப் பக்கத்து ஊர்க்காரி. சமூகப்பணி படித்துவிட்டு, வீட்டில் பார்த்த மாப்பிள்ளைகளையெல்லாம் ஏதாவது நொட்டை சொல்லித் தட்டிக்கழித்துவிட்டு, ஒரு ஆஸ்பத்திரி ஆராய்ச்சியில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். திருவிடைமருதூரில் பஸ் இறங்கி, வாய்க்கால் கரையோடு நடந்து, நல்லான்வெளித் தெற்குத் தெருவுக்கு வாராவாரம் மாத்திரைப் புட்டிகளோடு போவேன். தெருவில் எனக்குப் பெயர் மாத்திரைக்காரம்மா. ஆராய்ச்சி டாக்டர் செல்லதுரையுடையது. பேராவூரணிப் பக்கம் தென்னந்தோப்பில் காய் பறித்தவரின் மகன். சலுகைக் கட்டணத்தில் படித்து மனநோய் மருத்துவர் ஆனவர். மனச்சோர்வு என்பது ஒரு நோய், அது வயலில் இறங்குகிறவர்களுக்கும் வரும், மருந்து கொடுத்தால் தணியும் என்று அவர் ஒரு கூட்டத்தில் பேசியபோது பெரிய டாக்டர்கள் சிரித்தார்களாம். "கூலிக்காரனுக்கு ஏதப்பா இதெல்லாம்? நாலு நாள் நாற்றுப் பறித்தால் தானாகப் போய்விடும்" என்று ஒருவர் சொன்னாராம். அந்தச் சிரிப்பைப் பொய்யாக்கத்தான் இந்த ஆராய்ச்சி.

முறை எளிமையானது, கொஞ்சம் இரக்கமில்லாததும்கூட. நோய் இருக்கிறவர்களில் பாதிப் பேருக்கு வெளிநாட்டிலிருந்து வந்த மருந்து, பாதிப் பேருக்கு மருந்தே இல்லாத மாவு மாத்திரை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். எந்தப் புட்டியில் எது என்று ஆஸ்பத்திரியில் மருந்து கட்டித் தருகிறவர் ஒருவருக்குத்தான் தெரியும். டாக்டருக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. தெரிந்தால் நம் ஆசையே நம் கண்ணைக் கட்டிவிடும். அறுவடை வரைக்கும் பார்த்துவிட்டு, யார் தேறினார்கள் என்று ஒப்பிட வேண்டும். அதன் பிறகு எல்லோருக்கும் நல்ல மருந்து. இதையெல்லாம் டாக்டர் முதல் நாளே தெருவில் உட்கார்ந்து ஒளிக்காமல் சொன்னார். பெண்கள் தலையாட்டினார்கள். ஆனால் மருந்தில் ஒரு தொல்லை உண்டு, அது வாயை வறள வைக்கும். மாவு வறள வைக்காது. அப்படியிருக்க எல்லோருக்கும் லேசாக வறண்டால் என்ன அர்த்தம்?

"புட்டியெல்லாம் எடுத்துட்டு வாங்க" என்றேன்.  ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். கடைசியில் ராசம்மாள் எழுந்துபோய் ஒரு ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். மூடியைத் திறந்தேன். உள்ளே அத்தனை பேருடைய மாத்திரைகளும் ஒன்றாகக் கொட்டிக் கிடந்தன. தினமும் சாயங்காலம் கோயில் வாசலில் கூடி, ஜாடியைக் குலுக்கி, ஆளுக்கு ஒன்றாக எடுத்துக் கொடுக்கிறாளாம். ஒரு நாள் மருந்து விழும், ஒரு நாள் மாவு விழும். டாக்டருடைய அத்தனை நாள் உழைப்பும் அந்த ஜாடியில் கலந்துபோய்க் கிடந்தது. காரமாக ஒரு மாங்காய் வாசம் வேறு.

இந்தத் தெருவைத் தவிர வேறு எந்தத் தெருவிலும் இது நடந்திருக்காது. போன தையில் அறுவடைக் கூலிக்காக இங்கே பெரிய சண்டை. அரசாங்கம் கூலிச் சட்டம் போட்டிருந்தது. ஒரு சுவரில் சூரியன், எதிர்ச்சுவரில் கதிர் அரிவாள், இரண்டுக்கும் கீழே உழுதவனுக்கே நிலம் என்று எழுத்து. களத்தில் மிராசுதாரின் மரக்கால் மட்டும் மாறவில்லை. தெரு ஒற்றுமையாக நின்றதும், அவருடைய நிலத்தை மேற்பார்க்கும் காரியக்காரர் ஒரு தந்திரம் செய்தார். ஒருத்திக்கு அரைப்படி கூட, பக்கத்தில் அறுத்தவளுக்கு அரைப்படி குறைவு. ஏன் என்று கேட்டால், எனக்கென்ன தெரியும், ஐயா சொன்னது என்பார். தெருவுக்குள் வாய்ச்சண்டை மூண்டது. அப்போது அம்சம் என்ற பெண்தான் ஒரு வழி சொன்னாள். யார் கையில் எவ்வளவு விழுந்தாலும் கோயில் வாசலில் ஒரே குவியலாகக் கொட்டிவிட வேண்டும், அங்கே நாமே அளந்து ஆளுக்குச் சமமாகப் பிரித்துக்கொள்ள வேண்டும், வேலைக்கு வர முடியாமல் படுத்திருப்பவளுக்கும் பங்கு உண்டு. தந்திரம் பலிக்கவில்லை. அம்சத்தின் வாய்க்கு முன்னால் காரியக்காரர் குடையை மடக்கிக்கொண்டு நின்ற கதையைத் தெருவில் யாரைக் கேட்டாலும் நடித்தே காட்டுவார்கள்.

அந்தச் சண்டையிலேயே போலீஸ் வந்து அம்சத்தையும் இன்னும் சிலரையும் பிடித்துக்கொண்டு போனது. திரும்பி வருவதற்குள் அவள் கைக்குழந்தை வயிற்றுப்போக்கில் செத்துப்போயிருந்தது. அதன் பிறகு அவள் பேசவில்லை. சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். தலை வாரவில்லை, வயலுக்கு வரவில்லை, புருஷன் கோவிந்தராசு ஊட்டினால் இரண்டு வாய் வாங்கிக்கொள்வாள். நான் முதன்முதல் போனபோது நெடுநேரம் கேட்டு, கிடைத்தது ஒரே வாக்கியம். "இந்த வாயாலதான் போச்சு" என்றாள், தன் வாயைத் தொட்டுக் காட்டி. நான் வெளியே வந்து வேலியோரம் நின்று அழுதேன். பிள்ளை செத்தால் எவளும் இப்படித்தான் இருப்பாள், இதற்கு மருந்து என்ன செய்யும் என்று நானே டாக்டரிடம் கேட்டேன். "பாம்பு கடிச்சிருக்கு, அதான் வெஷம் ஏறியிருக்கு. காரணம் தெரிஞ்சுபோச்சுங்கறதுக்காக வைத்தியம் பண்ணாம விடுவோமா ஹமீதா?" என்றார். அம்சம் திரும்பி எழ வேண்டும். அந்தத் தெருவில் இதைவிடப் பெரிதாக எதையும் யாரும் வேண்டவில்லை. நானும் அதைத்தான் வேண்டினேன்.

ஆராய்ச்சி தொடங்கிய பிறகு பூவம்மாள் தேறினாள். அம்சத்துக்கு அடுத்த வீடு, அண்ணி முறை. விடியற்காலையில் நெஞ்சை அடைக்கிறது என்று அழுதுகொண்டிருந்தவள், தூங்கினாள், சாப்பிட்டாள், நடவுக்கு இறங்கினாள். அம்சம் சுவரைப் பார்த்தபடியேதான் இருந்தாள். தெரு சும்மா இருக்குமா? ஜாடி வந்துவிட்டது.

"நீங்கதானம்மா சொன்னீங்க, சில பேருக்கு மருந்து, சில பேருக்கு வெறும் மாவுன்னு" என்றாள் ராசம்மாள். "யாருக்கு எதுன்னு கேட்டா எனக்கே தெரியாதுங்கறாரு டாக்டரய்யா. காரியக்காரரும் இதத்தான சொன்னாரு? ஒரே தெருவுல ஒருத்திக்குக் கூடக் குடுத்து ஒருத்திக்குக் கொறச்சா அது என்னாத்துக்குன்னு எங்களுக்குத் தெரியாதா?"

"இது கூலி இல்ல ராசம்மாக்கா, மருந்து. பங்கு போட்டா யாருக்கும் பத்தாது."

"கஞ்சியுந்தான் பத்தல. அதுக்காகப் பங்கு போடாமயா இருக்கோம்?"

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. டாக்டரையும் காரியக்காரரையும் ஒரே தராசில் வைத்துவிட்டார்களே என்று கோபம்.  பூவம்மாளைத் தனியே அழைத்துப்போய், உண்மையைச் சொல்லுங்கள், உங்களுக்கு இப்போது எப்படி இருக்கிறது என்றேன். அவள் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே இருந்தாள். "கொறஞ்சுதான் போச்சும்மா. மறுபடியும் விடியறப்ப நெஞ்ச அடைக்குது. நாத்து முடிய கையில வச்சுக்கிட்டு நின்னது நின்னபடி அழுவறேன். ஆனா அம்சம் நேத்து வாயத் தொறந்து சோறு கேட்டுச்சும்மா. அண்ணி சோறு இருக்கான்னு கேட்டுச்சு." இதைச் சொல்லும்போது அவள் சிரித்தாள், கண்ணில் தண்ணீர் நிற்கவில்லை. அவளைத் திட்டவும் முடியவில்லை, கட்டிக்கொள்ளவும் கூச்சமாக இருந்தது. கடைசியில் கட்டிக்கொண்டேன்.

கிளம்புகையில் அம்சத்தின் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தேன். சுவரைப் பார்க்காமல் வாசலைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். வெளியே ராசம்மாள் ஜாடியைக் குலுக்கி மாத்திரை கொடுத்துக்கொண்டிருந்தாள். ஒருத்திக்குத் தவறி இரண்டு விழுந்தது. அம்சத்தின் கை, நிறுத்தச் சொல்வது போல மடியிலிருந்து சற்று எழுந்து, பிறகு அடங்கியது. அந்தக் கையை நான் பார்த்தேன். வழி நெடுக அதையே நினைத்துக்கொண்டு நடந்தேன்.

டாக்டரிடம் சொல்லாமல் இருக்க முடியாது. சொன்னேன். மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்திருந்தவருக்கு வேர்த்துவிட்டது. "கெடுத்துட்டாங்களே ஹமீதா" என்றார்.  ஆராய்ச்சி மற்ற ஊர்களிலும் நடந்தது. ஆனால் நல்லான்வெளிதான் நோய் முற்றியிருந்த ஊர், இங்கே கிடைக்கிற முடிவுதான் சென்னையில் எடுபடும். மேலே இருப்பவர்கள் சொல்லப்போவது இரண்டில் ஒன்று. அவரவர் புட்டி அவரவருக்கு என்று ஒப்புக்கொண்டால் புதிதாகத் தொடங்கலாம். இல்லையென்றால் ஊரையே நீக்கிவிட வேண்டும், மருந்தும் நின்றுவிடும். அது ஆராய்ச்சிக்காக வந்த மருந்து, கடையில் கிடைக்காது. கிடைத்தாலும் யார் வாங்குவது? சோறு கேட்ட அம்சம் மறுபடி சுவர்ப் பக்கம் திரும்பிவிடுவாள். "நானே வர்றேன். எடுத்துச் சொன்னா கேப்பாங்க" என்றார் டாக்டர்.

மறுநாள் காலையில் ஜீப் வாய்க்கால் பாலத்தோடு நின்றுவிட, சேற்றில் நடந்தே வந்தார். யாரோ நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். அவர் என் கோணிச்சாக்கில் உட்கார்ந்துகொண்டார். பெண்கள் எதிரே உட்கார்ந்தார்கள், ஆண்கள் வேப்பமரத்தடியில் நின்றார்கள். அம்சத்தையும் கோவிந்தராசு கைத்தாங்கலாகக் கூட்டிவந்து கோயில் தூண் ஓரம் உட்கார வைத்திருந்தான். டாக்டர் பொறுமையாகப் பேசினார். "போன வருஷம் இங்க பாலத்துக்குப் பக்கத்துல ரெண்டு வயல்ல ஐ.ஆர். எட்டு நெல்லு நட்டுக் காட்டினாங்க இல்ல? ஒண்ணுல உரம் போட்டாங்க, ஒண்ணுல போடல. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல பாத்தாத்தான உரம் வேல செய்யுதான்னு தெரியும்? அதேதான் இது."

பெண்கள் தலையாட்டினார்கள். ராசம்மாள்கூட ஆட்டினாள். சரி, முடிந்துவிட்டது என்று நினைத்தேன்.

"உரம் போடாத வயலு எந்திரிச்சு ஒக்காந்து அழுவாதுங்க."

யார் பேசியது என்று ஒரு நொடி யாருக்கும் புரியவில்லை. துருப்பிடித்த தாழ்ப்பாளைத் திறந்தது போல ஒரு குரல். கோவிந்தராசுதான் முதலில் புரிந்துகொண்டான். நின்ற இடத்திலேயே தொப்பென்று உட்கார்ந்துவிட்டான். அம்சம் தூணைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி இருந்தாள்.

டாக்டர் தடுமாறினார். ஆனால் குழந்தையிடம் பேசுவது போலப் பேசவில்லை, அது என்றைக்கும் எனக்கு அவரிடம் பிடித்தது. "நீங்க சொல்றது நியாயம். ஆனா ஒப்பிட்டுக் காட்டலன்னா மேல இருக்கறவங்க நம்ப மாட்டாங்க. நம்பலன்னா இந்த மருந்து எந்தத் தெருவுக்கும் வராது. அறுவடை முடிஞ்சதும் உங்க எல்லாருக்கும் நல்ல மருந்து தரேன்னு சொல்லியிருக்கேன்."

"அறுவட முடிஞ்சதும் தரேன்னு சொல்லாதவங்க இந்தப் பக்கத்துல யாருங்க இருக்காங்க?"

வேப்பமரத்தடியில் யாரோ சிரித்துவிட்டார்கள். அம்சம் சிரிக்கவில்லை. மூச்சு வாங்கியது. ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இழுத்து மேலே கொண்டுவருகிற சிரமம் அவள் முகத்தில் இருந்தது. "எங்களுக்கு வியாதி இருக்கா, இல்லீங்களா?"

"இருக்கு."

"மருந்துக்குக் கேக்குதா?"

"பூவம்மாளுக்குக் கேட்டுது."

"அப்ப எல்லாருக்கும் நல்ல மாத்திரையாக் குடுங்க. நாங்க பங்கு போட மாட்டோம். அவங்கவங்க புட்டி அவங்கவங்களுக்கு. அந்தம்மா கேக்கறதுக்கெல்லாம் நெசத்தச் சொல்லுவோம், நோவு கூடுனாலும் சொல்லுவோம், கொறஞ்சாலும் சொல்லுவோம். நீங்க நெனச்சது முழுசாக் கெடைக்காது, பாதிதான் கெடைக்கும். நாங்களும் கேட்ட கூலிய என்னிக்கும் முழுசா வாங்குனதில்லீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "மொத புட்டி பூவம்மா அண்ணிக்கு. அது கொட்டுனதத்தான் நாங்க தின்னோம்."

டாக்டர் செல்லதுரை என்னைப் பார்த்தார். நான் வானத்தைப் பார்த்தேன், மழை வரும்போல இருந்தது. அவர் சேற்றுக் காலை மடக்கி எழுந்து, "சரிங்க" என்றார். அவ்வளவுதான். பூவம்மாள் விசும்பி அழ ஆரம்பித்தாள். பெண்கள் அம்சத்தைச் சூழ்ந்துகொண்டார்கள். ராசம்மாள் ஊறுகாய் ஜாடியைக் கொண்டுவந்து டாக்டர் கையில் கொடுத்து, "கழுவித் திருப்பிக் குடுத்துடுங்கய்யா" என்றாள்.

ஜீப்பில் வரும்போது டாக்டர் மடியில் ஜாடியை வைத்துக்கொண்டு வந்தார். தெருவை ஒப்பீட்டிலிருந்து எடுத்துவிட்டு, தொடர்ந்து கவனிக்கும் நோயாளிகள் என்று காட்டி மருந்து வாங்கப் போகிறாராம். மேலிடத்தில் திட்டு விழும், பரவாயில்லை என்றார். "தெற்குத் தெருவுல ஆராய்ச்சி தோத்துப்போச்சுன்னு எழுதுவேன். எப்படித் தோத்துச்சுங்கறதையும் எழுதுவேன். அதப் படிச்சுட்டுச் சிரிக்கட்டும், பாக்கலாம்" என்றவர், ஊர் வரும்வரை தானே சிரித்துக்கொண்டு வந்தார். மருந்து கட்டுகிறவரிடம் அன்றே கேட்டோம். தெரு ஊகித்தது சரிதான். பூவம்மாளுக்கு மருந்து, அம்சத்துக்கு மாவு.

அவளைப் பேச வைத்தது எது என்று என்னைக் கேட்காதீர்கள். ஜாடியிலிருந்து அவள் பங்குக்கு விழுந்த மருந்தா, தெரு அவளுக்காக ஜாடி வைத்ததா, எதிரே பேரம் பேச ஒரு ஆள் வந்து உட்கார்ந்ததா, நாள் போனதா. இதையெல்லாம் பிரித்துச் சொல்லத்தான் மாவு மாத்திரையே வேண்டும். அதைத்தான் நாங்கள் விட்டுக்கொடுத்துவிட்டோம். கார்த்திகையிலும் மார்கழியிலும் அவள் நேராக ஏறி வரவில்லை. சில வாரம் தலை வாரி வாசலில் இருப்பாள், சில வாரம் மறுபடி சுவர். சுவர்ப் பக்கம் திரும்பிய வாரங்களில்கூட, நான் கேட்டால் பதில் சொன்னாள். பிள்ளையின் பெயரை ஒரு நாள் சொன்னாள். நெசத்தைச் சொல்வோம் என்று பேசிய பேச்சை அவள் மாற்றவில்லை.

தை பிறந்து, சம்பா சாய்ந்து கிடந்தது. நான் புட்டிகளோடு போன அன்று கோயில் வாசலில் கூட்டம். காரியக்காரர் ரெத்தினம் கூலி பேச வந்து, செருப்பைக் கழற்றாமல், குடையை விரித்துப் பிடித்து நின்றுகொண்டிருந்தார். தெரு மொத்தமும் எதிரே நின்றது. யாரும் முதலில் வாயைத் திறக்கவில்லை. அவர் இதுதான் சமயம் என்று, ஐயா சொன்ன அளவு இது, இதற்கு மேல் என் கையில் ஒன்றும் இல்லை என்று ஆரம்பித்தார். கூட்டம் விலகியது. அம்சம் வந்தாள். எண்ணெய் வைத்து வாரியிருந்தாள், நடையில் மட்டும் இன்னும் கொஞ்சம் தள்ளாட்டம் இருந்தது. அவருக்கு நேரே நின்று வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை. உதட்டை நக்கினாள், மறுபடி திறந்தாள், வரவில்லை. கோவிந்தராசு கண்ணை மூடிக்கொண்டான்.  அந்த வாயை அவள் தொட்டுக் காட்டிய நாள் ஞாபகம் வந்தது.

அம்சம் திரும்பிப் பூவம்மாளைப் பார்த்து, "அண்ணி, தண்ணி. மாத்திரைக்கு நாக்கு ஒட்டுது" என்றாள்.

பூவம்மாள் ஓடிப்போய் ஒரு செம்பு கொண்டுவந்தாள். அம்சம் அதை வாங்கி அண்ணாந்து குடித்தாள். அவசரமில்லாமல், தொண்டை ஏறி இறங்க, கழுத்தில் தண்ணீர் வழிய. தெரு காத்திருந்தது. காரியக்காரர் குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டு, பிறகு மெதுவாக அதை மடக்கினார். அவள் இன்னும் செம்பை இறக்கவில்லை.